பிரேக்காகவும் நிற்கும் செயின்

சாதாரண சைக்கிளில் ஓடும்போது செயின் கழன்றால் கால் வெறுமனே சுற்றும். பிரேக்கைப் பிடித்து இறங்கி, விரலில் கறை பட மாட்டிவிட்டுக் கிளம்பலாம். ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் விஷயம் வேறு. அதில் பின்பக்கப் பல்சக்கரம் ஹப்போடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும், ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றும், பெடலைத் தடுத்தால் சக்கரமும் தடைபடும். வண்டியை ஓட்டும் விசையும் நிறுத்தும் விசையும் அந்த ஒரே செயின் வழியாகத்தான் போகின்றன. முன்பிரேக் இல்லாமல் ஓட்டுகிறவருக்குச் செயின் போனால் பிரேக்கும் சேர்ந்தே போயிற்று. கழன்ற செயின் பல்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும், ஓட்டுகிறவர் தரையில்.

இப்படிப்பட்ட வண்டிக்கு எந்தச் செயின் வாங்குவது, அதை எப்படி இணைப்பது என்று கேட்டால் கடையிலும் நண்பர்களிடமும் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “நல்லா கெட்டியானதா பாத்து வாங்குங்க.” பல வருடங்களாக இந்த வகைச் சைக்கிளை ஓட்டி, என் கையாலேயே செயின் மாற்றி வருகிற எனக்கு இந்தப் பதில் போதவில்லை. செயினின் பலம் ஏற்கெனவே நம் தேவைக்கு மேல் இருக்கிறது. ஆபத்து மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது: நாம் இணைத்த கண்ணியில், செயினின் தொய்வில், அது கோணலாக ஓடுவதில்.

இன்று சைக்கிளில் ஓடும் உருளைச் செயினுக்குக் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனோல்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் பிழைக்க வந்தவர். 1879இல் நெசவு இயந்திரங்களுக்குச் செயின் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டே புதிய செயினைப் பதிவு செய்தார். அதற்கு முந்தைய செயின்களில் ஆணி நேரடியாகத் தகட்டின் மெல்லிய விளிம்பில் உராய்ந்து சீக்கிரமே தேய்ந்தது. ரெனோல்ட் உள் தகடுகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு குழலை, அதாவது புஷ்ஷைச் செருகி, அதன்மேல் உருளையைச் சுழலவிட்டார். ஆணிக்கு நீளமான இருக்கை கிடைத்தது. பல்லில் உராய்வதற்குப் பதில் உருளை உருண்டது. ஐந்தாண்டு கழித்து, 1885இல், கவென்ட்ரியில் ஸ்டார்லி என்பவரின் ரோவர் சைக்கிள் வந்தது. பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும் அந்த அமைப்பே இன்றுவரை நீடிக்கிறது. அன்றைய சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாமே ஃபிக்ஸட்தான். ஃப்ரீவீல் பரவலானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஆக, ஃபிக்ஸட் கியர் புது நாகரிகம் என்று நினைப்பது தவறு. செயினும் சைக்கிளும் முதலில் சந்தித்தது அந்த வடிவத்தில்தான்.

அளவுக்கு வருவோம். ஓர் ஆணியின் மையத்திலிருந்து அடுத்த ஆணியின் மையத்துக்கு உள்ள தூரம் இன்று ஏறக்குறைய எல்லா சைக்கிள் செயினிலும் அரை அங்குலம், 12.7 மி.மீ. ஒரு காலத்தில் இது ஓர் அங்குலமாக இருந்தது. சாலைச் சைக்கிள்கள் கைவிட்ட பிறகும் வெலோட்ரோம் என்ற பந்தய ஓடுதளத்தின் வீரர்கள் அதை நெடுநாள் வைத்திருந்தார்கள். ஷிமானோ நிறுவனம் 1970களில் 10 மி.மீ. இடைவெளியில் ஒரு செயினை ஓடுதளத்துக்கென்று கொண்டுவந்தது; அது நிலைக்கவில்லை. எனவே இடைவெளியைப் பற்றிக் கவலை வேண்டாம். பார்க்க வேண்டியது உள் அகலத்தை. 1/8 அங்குலம், 3/32 அங்குலம் என்று இரண்டு உண்டு. முன்னது கியர் இல்லாத சைக்கிள்களுக்கு, பின்னது செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் டிரெய்லியர் வைத்த கியர் சைக்கிள்களின் வழியாக வந்தது. சில பெட்டிகளில் 410 என்று எண் போட்டிருக்கும். அது 1/8 அகலச் செயினைக் குறிக்கும். நம் ஊர் மோட்டார் பைக்குகளில் ஓடும் 428 எண் செயினுக்கும் இடைவெளி அதே அரை அங்குலம்தான். ஆனால் அகலம் 5/16 அங்குலம், உருளையும் தடிமன். “ரெண்டும் ஒண்ணுதான், மாட்டிக்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அகலமான செயின் மெல்லிய பல்சக்கரத்தில் ஓடும். மெல்லிய செயின் அகலமான பல்லில் உட்காரவே உட்காராது. இந்த ஒரு காரணத்துக்காகவே 1/8 செயினை வாங்கச் சொல்வேன். முன்னும் பின்னும் எந்தப் பல்சக்கரம் இருந்தாலும் அது பொருந்தும். 3/32 பல்லின்மேல் அது பக்கவாட்டில் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஆடும், கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதான். 3/32 செயின் எடை குறைவு என்பது உண்மை. அந்தச் சில கிராம்களை மிச்சம் பிடித்துச் சாதிக்க வேண்டிய நிலையில் நம்மில் பெரும்பாலோர் இல்லை.

பலத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ளவர் 170 மி.மீ. கிராங்கின் பெடல்மீது முழு எடையோடு ஏறி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் பல்சக்கரத்தில் 46 பல் என்றால் அதன் ஆரம் ஏறத்தாழ 93 மி.மீ. நெம்புகோல் கணக்குப்படி செயினில் விழும் இழுவை சுமார் 128 கிலோ. ஹேண்டில்பாரைக் கையால் இழுத்துப் பிடித்து, மறு காலையும் பட்டையில் மாட்டி மேலே இழுத்து, இதை இரண்டு மடங்காக்கினாலும் 260 கிலோவைத் தாண்டாது. நல்ல தயாரிப்பாளரின் செயின் 800 கிலோவுக்கு மேல் தாங்கும். பின்னே அழுத்தி நிறுத்தும்போதும் கால் கொடுக்கும் விசைக்கு மேல் செயினில் ஏற வழியில்லை. அப்படியானால் செயின்கள் ஏன் அறுகின்றன? அறுந்த செயினை எடுத்துப் பாருங்கள். தகடு கிழிந்திருப்பது அபூர்வம். ஆணி ஒரு பக்கத் தகட்டிலிருந்து நழுவியிருக்கும். பெரும்பாலும் அது யாரோ அழுத்தி இணைத்த ஆணியாகவே இருக்கும்.

புஷ் விஷயத்தில் ஒரு விவாதம் உண்டு. கியர் மாற்றுவதற்குப் பக்கவாட்டில் வளைய வேண்டியிருப்பதால், டிரெய்லியர் செயின்களில் ரெனோல்ட் வைத்த முழுக்குழலை எடுத்துவிட்டு, உள் தகட்டின் ஓரத்தையே மடித்துச் சிறு உதடுபோல ஆக்கிவிட்டார்கள். ஃபிக்ஸட் சைக்கிளில் செயின் பக்கவாட்டில் வளையத் தேவையே இல்லை. ஆகவே முழு புஷ் உள்ளதே மேல் என்று ஒரு கட்சி. உதடு வைத்ததில் எண்ணெய் எளிதாக உள்ளே இறங்கும், அதனால் தேய்மானம் குறைவு என்று எதிர்க்கட்சி. இரண்டும் என்னிடம் ஓடியிருக்கின்றன. துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தால் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

செயினுக்கு மிகக் கடுமையான சோதனைக்களம் ஜப்பானின் கெய்ரின் பந்தயம். 1948இல் கொகுராவில் தொடங்கியது. பந்தயப்பணம் கட்டி விளையாடும் போட்டி. யாருக்கும் இயந்திரத்தால் சாதகம் கிடைக்கக் கூடாது என்பதற்காக ஃபிரேமிலிருந்து செயின் வரை ஒவ்வொரு உறுப்பும் என்.ஜே.எஸ். என்ற அங்கீகார முத்திரை பெற்றிருக்க வேண்டும். பிரேக்கே இல்லாத அந்தச் சைக்கிள்களில் ஓடுவது 1/8 அகலச் செயின். அந்தச் செயினைச் செய்யும் இசுமி என்ற பெயர் உலகெங்கும் ஃபிக்ஸட் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்தது அதனால்தான். விலை அதிகம். ஓட்டம் மெத்தென்று இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினமும் மழையிலும் மணலிலும் ஓடும் வண்டிக்கு அந்த விலை கொடுப்பதைவிட, சுமாரான விலையில் நல்ல செயினை வாங்கி உரிய காலத்தில் மாற்றுவது புத்திசாலித்தனம்.

தமிழர்களுக்குச் செயின் அந்நியப் பொருளும் இல்லை; அந்தக் கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானத்தில் இஞ்சினையும் இரண்டு விசிறிகளையும் இணைத்தது இண்டியானாபோலிஸில் செய்த செயின். அலையாமல் இருக்க அதைக் குழாய்களுக்குள் ஓடவிட்டார்கள். சைக்கிள் கடைக்காரர்களாக இருந்த அவர்களுக்கு அலையும் செயினின் ஆபத்து நன்றாகத் தெரியும். பின்னாளில் டயமண்ட் என்று பெயர் பெற்ற அதே நிறுவனத்தின் கூட்டில்தான் சென்னையில் டிஐ டயமண்ட் செயின் தொழிற்சாலை வந்தது. கோயம்புத்தூரின் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் செய்யும் ரோலான் செயின் நாடெங்கும் இருசக்கர வாகனங்களில் ஓடுகிறது.

செயின் வாங்கியாயிற்று. இனி நீளம். உள் கண்ணி, வெளிக் கண்ணி என்று மாறி மாறி வருவதால் செயினை ஒவ்வோர் அங்குலமாகத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். அரை அங்குலக் கண்ணிகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. உதாரணமாக, பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் 400 மி.மீ. தூரம், முன்னே 46 பல், பின்னே 16 பல் என்றால், கணக்குக்கு 94.7 கண்ணி வரும். 96 போட வேண்டும். மிஞ்சியதை ஈடுகட்டப் பின்சக்கரம் சுமார் 8 மி.மீ. பின்னே நகரும். அதற்கு இடம் கொடுக்கத்தான் இந்தச் சைக்கிள்களில் பின் அச்சு உட்காரும் காடி நீளவாக்கில் வெட்டியிருக்கிறது. காடியில் இடம் போதவில்லை என்றால் பின் பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டினாலோ குறைத்தாலோ அச்சு 3 மி.மீ. நகரும். பலர் இதை விட்டுவிட்டு, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகிய அரைக்கண்ணி ஒன்றைச் சேர்க்கிறார்கள். ஒன்றே ஒன்று இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. முழுக்க முழுக்க அரைக்கண்ணியால் ஆன செயின் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வளைந்த தகடுகள் இழுவையில் நிமிர்ந்துகொண்டே வரும், செயினும் நீண்டுகொண்டே போகும். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இணைப்பில்தான் நிதானம் வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செயின் கட்டர் கொண்டு ஆணியைத் தள்ளி, மறுபடி அழுத்துவது. ஆணியை முழுக்க வெளியே தள்ளிவிடக் கூடாது. வெளித்தகட்டின் துளையில் நூலளவு தொக்கி நிற்கும்போது நிறுத்தி, செயினைச் சற்று வளைத்துக் கழற்ற வேண்டும். முழுக்க வந்துவிட்டால் திரும்பச் செருகுவது பெரும்பாடு, துளையும் விரிந்துவிடும். மீண்டும் அழுத்தும்போது ஆணி இரு பக்கமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் கண்ணால் பார்த்து நம்புவதில்லை. பக்கத்துக் கண்ணியின் ஆணித்தலையை நகத்தால் தடவுவேன், பிறகு இதைத் தடவுவேன், பிறகு மறுபக்கம். நகத்துக்குத் தெரியும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அழுத்திய கண்ணி விறைத்து நிற்கும்; இரு பக்கமும் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் வளைத்தால் இளகிவிடும். பல வேகக் கியர்களுக்கான மெல்லிய செயின்களில் ஆணியின் தலையைத் தொழிற்சாலையிலேயே நசுக்கி விரித்திருப்பார்கள். அதைத் தள்ளினால் தகட்டின் துளை கிழிபடும். அந்த ஆணியை இரண்டாம் முறை பயன்படுத்தவே கூடாது. சுத்தியலும் ஆணியும் வைத்துத் தட்டி இணைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃபிக்ஸட் சைக்கிளில் அதற்கு இடமில்லை.

இன்னொரு வழி செயின் லாக். இரண்டு ஆணி பதித்த ஒரு தகடு, தனியாக ஒரு தகடு, மீன் வடிவத்தில் ஒரு கிளிப். செயினின் இரு முனைகளையும் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு இணைக்க முயன்றால் கை நடுங்கும். சக்கரத்தை முன்னே தள்ளி வைத்து, இரு முனைகளையும் பின் பல்சக்கரத்தின் பற்களில் அடுத்தடுத்து உட்காரவையுங்கள். பற்களே பிடித்துக்கொள்ளும். ஆணித்தகட்டை உள்பக்கமிருந்து செருகி, வெளித்தகட்டைப் போட்டு, ஆணிகளின் கழுத்தில் உள்ள காடி முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு கிளிப்பை வைத்து, அதன் பிளந்த வாலையும் பக்கத்து ஆணியையும் குறட்டால் சேர்த்து அழுத்தினால் ‘டக்’ என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் உட்காரவில்லை என்று பொருள்.

கிளிப்பின் மூடிய தலை செயின் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும்; மேல் பக்கத்தில் பார்த்தால் தலை முன்னோக்கி, பிளந்த வால் பின்னோக்கி. வழியில் எதிலாவது இடித்தாலும் தலைதான் இடிபடும், கிளிப் கழலாது. பின்னே அழுத்தி நிறுத்துகிறோமே, அப்போது திசை மாறிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். மாறாது. இழுவைதான் மேல் பக்கத்திலிருந்து கீழ்ப் பக்கத்துக்கு மாறுகிறது; சைக்கிள் முன்னே போகும் வரை செயினும் முன்திசையில்தான் ஓடும். ஃபிக்ஸட் சைக்கிளுக்குச் செயின் லாக் ஆகாது என்று பரவியிருக்கும் அச்சத்துக்கு இந்தக் குழப்பம்தான் வேர். இழுவையைத் தாங்குவது ஆணிகளும் தகடுகளும். கிளிப்பின் வேலை தகடு பக்கவாட்டில் நழுவாமல் காப்பது மட்டும்.

அச்சம் முழுக்கத் தவறென்றும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை ஊருக்குப் போகும் அவசரத்தில் செயின் மாற்றும் வேலையை ஒரு கடையில் கொடுத்தேன். சில வாரம் கழித்து வண்டியைத் துடைக்கும்போது வெளிச்சத்தில் ஏதோ குறைந்தது போலிருந்தது. கிளிப்பைக் காணோம். வெளித்தகடு ஓர் ஆணியிலிருந்து பாதி நழுவி, வாய் பிளந்து நின்றது. கிளிப்பைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. முந்தின நாள் மாலை அதே வண்டியில் மேம்பாலத்திலிருந்து இறங்கி வந்திருந்தேன். அன்றிலிருந்து கிளம்பும் முன் அந்தக் கண்ணியைத் தேடிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பத்து விநாடிகூட ஆகாது.

எந்த வழி நல்லது? சரியாகச் செய்தால் இரண்டும் நல்லவை. செயின் கட்டரில் கை பழகாதவர் லாக் போடுவதே மேல். தவறு நடந்தால் கண்ணுக்குத் தெரியும் என்பது அதன் பெரிய பலம். சரியாக உட்காராத ஆணி, நழுவும் நாள் வரை சத்தமே போடாது.

அடுத்தது தொய்வு. டிரெய்லியர் சைக்கிளில் ஸ்பிரிங் செயினை இழுத்துப் பிடிக்கும். இங்கே அச்சை நாம் இழுத்து வைப்பதுதான். செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் அரை அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் போனால், முன்னே மிதிப்பதிலிருந்து பின்னே தடுப்பதற்கு மாறும்போது ஒரு வெற்று நொடியும் அதைத் தொடர்ந்து ஓர் அடியும் விழும். செயின் கழல்வது அந்த அடியில்தான். இறுக்கிவிட்டால் ஹப்பும் கிராங்க் பேரிங்கும் முனகும். பல்சக்கரங்கள் எதுவும் முழு வட்டம் இல்லை என்பதால் சுற்றச் சுற்றத் தொய்வு மாறும். மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து அங்கே வைத்துத்தான் அளக்க வேண்டும். வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால், மாசசூசெட்ஸின் மறைந்த மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் எழுதிவைத்த முறை கைகொடுக்கும்: முன் பல்சக்கரத்தின் போல்ட்டுகளைச் சற்றே தளர்த்தி, இறுக்கமான இடத்தில் செயினை லேசாகத் தட்டி, பல்சக்கரத்தை மையத்துக்கு நகர்த்தி, மறுபடி முறுக்குவது. பொறுமை கேட்கும் வேலை, பலன் உறுதி.

செயின் நேராகவும் ஓட வேண்டும். ஓடுதளச் சைக்கிள்களில் ஃபிரேமின் மையத்திலிருந்து முன்னும் பின்னும் 42 மி.மீ. என்பது பொதுவான அளவு. பழைய கியர் சைக்கிளை ஃபிக்ஸடாக மாற்றுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நீளமான ஸ்கேல் ஒன்றை முன் பல்சக்கரத்தின் முகத்தோடு ஒட்டிப் பின்னே நீட்டிப் பாருங்கள்; பின் பல்லைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். அவர்கள் செய்யும் இன்னொரு தவறு, ஃப்ரீவீலுக்கான ஹப்பில் ஃபிக்ஸட் பல்சக்கரத்தை முறுக்கிவிடுவது. எதிர்மரை கொண்ட லாக்ரிங் இல்லாமல் அது பின் அழுத்தத்தில் கழன்று வரும்.

ஒரே விகிதத்துக்கு 48/16 வைப்பதா, 36/12 வைப்பதா என்று கேட்டால் பெரியதையே சொல்வேன். 12 பல்லில் ஒவ்வொரு கண்ணியும் 30 பாகை மடங்க வேண்டும். 16 பல்லில் 22.5 போதும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் 1999இல் அறிவித்த ஆய்வு முடிவிலும், பெரிய பல்சக்கரங்களே செயினின் திறனைக் கூட்டுவதாகத் தெரிந்தது. அவர் அளந்த உச்சம் 98.6 சதவீதம்.

தேய்மானத்தை அளக்க இரும்பு ஸ்கேல் போதும். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஓர் ஆணியின் மையத்தில் ஸ்கேலை வைத்து எண்ணுங்கள். 12 அங்குலத்தைத் தாண்டி 1/16 அங்குலம் போயிருந்தால் செயினை மாற்றும் நேரம். 1/8 போயிருந்தால் பல்சக்கரமும் கெட்டிருக்கும். ஃபிக்ஸடில் பல்லின் இரு முகமும் வேலை செய்வதால் இரண்டும் தேயும். அச்சைப் பின்னே இழுத்து இறுக்கிக்கொண்டே போகலாம் என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். சக்கரம் சுழலும்போது துணியால் செயினைத் துடைக்காதீர்கள். சாதாரண சைக்கிளில் விரல் மாட்டினால் ஃப்ரீவீல் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம். இங்கே சக்கரத்தின் வேகம் முழுவதும் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே விரலை இழுத்துக்கொண்டு போகும். இதில் விரல் இழந்தவர்கள் உண்டு. பெடலைக் கையால் சிறிது சிறிதாக நகர்த்தி, நிறுத்தி, நின்றிருக்கும் கண்ணிகளை மட்டும் துடையுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்துச் சுழலவிடாதீர்கள்.

பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு விதிமுறை ஃபிக்ஸட் சக்கரத்தைப் பின்பிரேக்காக ஏற்றுக்கொள்கிறது; ஆனால் முன்சக்கரத்துக்குத் தனியாக ஒரு பிரேக் இருந்தே தீர வேண்டும் என்கிறது. மிகச் சரியான விதி. எத்தனை நல்ல செயினாக இருந்தாலும், எத்தனை கவனமாக இணைத்திருந்தாலும், ஓடுதளத்துக்கு வெளியே ஓட்டுவதாக இருந்தால் தயவுசெய்து முன்பிரேக் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள்.